தூண்டில் கவிதை

மூக்குக்கண்ணாடிக் கடையில் எங்கள் அக்காவின் கணவரை எல்லோரும் கவிஞர் என்றுதான் கூப்பிடுவார்கள். பாதிப் பேர் மரியாதையாக, மீதிப் பேர் கிண்டலாக. இரண்டுக்கும் அவர் ஒரே மாதிரி "சொல்லுங்க" என்பார். எனக்கு அவர் மாமா. நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். கவிதைக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் அவர் கதையை நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கவிதை தெரிந்தவர்கள் யாரும் சொல்லப் போவதில்லை.

கடையின் முன்பக்கம் கண்ணாடி அலமாரி, பளிச்சென்று விளக்கு, சிரித்த முகமாக இரண்டு பெண்கள். மாமாவுக்கு வேலை பின்னறையில். அங்கே ஜன்னல் கிடையாது. லென்சைத் தேய்க்கிற இயந்திரம், அதன் சக்கரத்தின் மேல் சொட்டிக்கொண்டே இருக்கும் தண்ணீர், கீழே வாளியில் தேங்குகிற வெள்ளைச் சேறு. வட்டமாக வரும் லென்சை ஃபிரேமின் வடிவத்துக்குத் தேய்த்துப் பொருத்த வேண்டும். கொஞ்சம் அதிகம் தேய்த்துவிட்டால் லென்ஸ் ஆடும். குறைத்தால் உட்காராது, அழுத்தினால் ஃபிரேம் பிளந்துகொள்ளும். லென்ஸ் ஒவ்வொன்றும் சின்னக் காகித உறையில் வரும். மற்றவர்கள் லென்சை எடுத்துக்கொண்டு உறையைக் குப்பையில் போடுவார்கள். மாமா உறையைக் கிழியாமல் பிரித்து, உள்பக்கத்தில் கவிதை எழுதுவார். சாயங்காலம் அவர் சட்டைப்பை புடைத்துக்கொண்டிருந்தால் அன்றைக்கு நல்ல நாள் என்று அக்கா தெரிந்துகொள்வாள்.

எப்படி எழுதுவார் என்று கேட்டால், இப்படி எழுதுவார்:

காலக் கடலின் கரையோரம்
கனவுக் கிளிஞ்சல் பொறுக்குகின்ற
கவலைக் குழந்தை நான்.

ஒரே எழுத்தில் ஆரம்பிக்கிற சொற்கள் இந்த மனுஷருக்கு மட்டும் எப்படி வரிசையாக வந்து நிற்கின்றன என்று நான் வாயைப் பிளந்திருக்கிறேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது.

அவருக்கு ஒரே ஒரு ஆசைதான். முன்பின் தெரியாத யாராவது ஒருவர் தன் கவிதையைப் படித்து, காசு கேட்காமல், முகதாட்சண்யம் பார்க்காமல், நன்றாக இருக்கிறது என்பதற்காக மட்டும் அச்சில் போட வேண்டும். புத்தகமாகக்கூட வேண்டாம், ஒரு கவிதை போதும். "எதுக்குங்க இதெல்லாம்?" என்று அக்கா கேட்டால், "நான் எழுதறது கவிதையா கிறுக்கலான்னு எனக்கு எப்படித் தெரியும்? யாராவது சொன்னாத்தானே தெரியும்?" என்பார். அக்கா சொன்னால் செல்லாது. நான் சொன்னால் சுத்தமாகச் செல்லாது.

கல்யாணமான புதிதில் ஒரு முறை வசமாக ஏமாந்தார். செய்தித்தாளில் விளம்பரம்: மாபெரும் கவிதைப் போட்டி, அனுமதி இலவசம். அனுப்பினார். குவிந்த கவிதைகளுக்கு நடுவே உங்களுடையது நடுவர்களை நெகிழ வைத்துவிட்டது, தொகுப்பு நூலில் இடம் பெறுகிறது என்று பதில் வந்தது. மாமா கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். அவரை ஒரு பொருட்டாகவே நினைக்காத எங்கள் அப்பாகூட அன்று எழுந்து நின்று கை குலுக்கினார். அப்புறம்தான் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. நூல் வேண்டுமென்றால் முன்பணம். உங்களைப் பற்றி நாலு வரி போட வேண்டுமென்றால் அதற்குத் தனியாக. புகைப்படம் போட வேண்டுமென்றால் அதற்கும் தனியாக. எல்லாம் கட்டினார்.

செங்கல் கனத்தில் புத்தகம் வந்தது. உள்ளே எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி. ஒரு பக்கத்தில் ஏழெட்டுப் பேர் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தார்கள். மாமாவுக்கு மேலே யாரோ தன் நாய் செத்ததைப் பற்றி எழுதியிருந்தார். கீழே ஒரு சின்னப் பெண் மழையைப் பற்றி எழுதியிருந்தாள். போட்டிக்கு அனுப்பிய அத்தனை பேரும் உள்ளே இருந்தார்கள். உள்ளே இருந்தவர்களைத் தவிர உலகத்தில் வேறு யாரும் அந்தப் புத்தகத்தை வாங்கவில்லை. இது புரிந்ததும் மாமா சில நாள் யார் முகத்தையும் பார்த்துப் பேசவில்லை. ஆடிக்கொண்டிருந்த பீரோவின் காலுக்கு அக்கா அந்தப் புத்தகத்தை முட்டுக் கொடுத்தாள். அந்த வகையில் அது உபயோகமான புத்தகம்தான்.

அதற்குப் பிறகு மாமா வேறு ஆளாகிவிட்டார். கவிதை என்று யார் எந்த விளம்பரம் போட்டாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். விருது தருகிறோம், கேடயத்துக்கு மட்டும் பணம் கட்டுங்கள் என்பவன், உறுப்பினரானால்தான் அச்சிடுவோம் என்பவன், வெளிநாட்டு மொழியில் பெயர்க்கிறேன் என்று பாதிப் பணத்தோடு கம்பி நீட்டுகிறவன், எல்லோருடைய வண்டவாளமும் அவருக்கு அத்துப்படி. "எழுதறவன்கிட்ட காசு வாங்கறவன் பதிப்பாளன் இல்ல மாப்ளே. படிக்கறவன்கிட்ட வாங்கறவன்தான் பதிப்பாளன்" என்று என்னிடம் அடிக்கடி சொல்வார். நான் என்னவோ நாளைக்கே காவியம் எழுதப் போகிற மாதிரி.

இதற்காகவே அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அதற்குத் தூண்டில் என்று பெயர். புதிதாக யாராவது கவிதை கேட்டால், சொந்தக் கவிதையை முதலில் அனுப்பக் கூடாது. படு மட்டமாக ஒன்றை எழுதி அனுப்ப வேண்டும். அதையும் ஆஹா ஓஹோ என்றால் அவன் படிக்கவே இல்லை, அவன் கண் நம் பணப்பையின் மேல் இருக்கிறது. வேண்டாம் என்று திருப்பினால் யோக்கியன், நம்பி அனுப்பலாம். ஒரு தடவை சட்டையின் கழுத்துப்பட்டையில் இருந்த சலவைக் குறிப்பை அப்படியே வரி வரியாக உடைத்து அனுப்பினார். மிதமான வெந்நீரில் துவைக்கவும், நிழலில் உலர்த்தவும், முறுக்கிப் பிழிய வேண்டாம். அதற்குத் தங்கப் பதக்கம் என்று பதில் வந்தது. பதக்கத்துக்கு மட்டும் பணம் கட்ட வேண்டுமாம். அந்தக் கடிதத்தைப் படித்துக்காட்டி அவர் சிரித்த சிரிப்பில் அக்காவுக்குப் புரையேறிவிட்டது.

இந்தத் தூண்டில் விஷயம் வெளியே பரவி, எழுதுகிற ஆசை உள்ளவர்கள் கண்ணாடிக் கடைக்குத் தேடி வர ஆரம்பித்தார்கள். தையல்காரர் ஒருவர், வாத்தியாரம்மா ஒருத்தி, வங்கிக் காவலாளி ஒருவர் என்று யாராவது வந்து பின்னறை வாசலில் காத்திருப்பார்கள். மாமா இயந்திரத்தை நிறுத்தி, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவர்கள் கொண்டுவந்ததைப் படித்துப் பார்த்துவிட்டு, "பணம் மட்டும் கட்டிடாதீங்க" என்பார். வந்தவர்கள் முகம் விழுந்துவிடும். காப்பாற்றப்பட்டவர்களின் முகம் மாதிரியே இருக்காது அது. ஒருவர் நன்றி சொன்னதாகக்கூட எனக்கு நினைவில்லை.

சரி, நல்ல பத்திரிகைகளுக்கு அனுப்பவில்லையா என்றால், அனுப்பினார். வருஷக்கணக்கில் அனுப்பினார். பதிலே வராது. "அவங்க பிரிச்சுக்கூடப் பாக்கறதில்ல மாப்ளே. பேர் தெரிஞ்சவன்னா படிப்பாங்க" என்பார். இதைச் சொல்லும்போது அவருக்கு வருத்தம் இருந்த மாதிரித் தெரியவில்லை. யாரும் படிக்கவில்லை என்றால் யாரும் வேண்டாமென்று சொல்லவுமில்லை. அந்த ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை காலம் தொங்கிக்கொண்டிருந்தார் என்று எனக்கு இப்போது தெரிகிறது.

அப்படியிருக்கும்போதுதான் அவர் அதுவரை கேள்விப்படாத ஒரு பத்திரிகையின் பெயர் காதில் விழுந்தது. மெல்லிசாக, படமே இல்லாமல், எப்போதாவது வருகிற பத்திரிகை. நடத்துகிறவர் யாரென்று அவர் விசாரித்தவர்களில் யாருக்கும் தெரியவில்லை. மாமா தூண்டிலை எடுத்தார்.

அன்று காலையில் நான் அக்கா வீட்டில் இருந்தேன். மாமா கடைச் சாவியைக் காணோமென்று வீட்டைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் அது அவர் கையிலேயே இருந்தது. "போன வாரம் கண்ணாடியைப் போட்டுக்கிட்டே கண்ணாடியைத் தேடினீங்க. நாளைக்கு என்னைத் தொலைச்சுட்டுத் தேடப் போறீங்க" என்று அக்கா பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். மாமா அசடு வழிந்தபடி உட்கார்ந்து, தேநீர் ஆறுவதற்குள் ஒன்றை எழுதிவிட்டார். "இதைவிட மட்டமா யாராலும் எழுத முடியாது, கேளு" என்று படித்தார்.

சாவியைத் தேடினேன்
கையில் இருந்தது.
கண்ணாடியைத் தேடினேன்
முகத்தில் இருந்தது.
உன்னைத் தேடினேன்
சமையலறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது
யாரும் இல்லை
அடுப்பை அணைத்துவிட்டேன்.

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். "உவமை இல்ல, ஓசை இல்ல, ஒரு மண்ணும் இல்ல. காணாமப் போனதுக்குப் போலீஸ்ல எழுதிக் குடுக்கற மாதிரி இருக்கு" என்றார். அக்கா மட்டும் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, இதுல நான் செத்துட்டேனா?"

"சீச்சீ, அப்படியெல்லாம் ஒண்ணும் நினைக்கல. சும்மா வார்த்தையை அடுக்கினேன்."

"இல்ல, செத்துட்ட மாதிரிதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

கொஞ்ச நாளில் அந்தப் பத்திரிகையிலிருந்து ஓர் அம்மா மாமாவைத் தொலைபேசியில் அழைத்தார். கவிதையை எடுத்துக்கொள்கிறோம் என்று இரண்டே வார்த்தை பேசிவிட்டு வைத்துவிட்டார். மாமா உடனே எனக்குப் போன் போட்டு, "இன்னொரு மீன் மாட்டிடுச்சு மாப்ளே!" என்றார். பணம் எப்போது கேட்பார்கள் என்று காத்திருந்தார். கேட்கவில்லை. பத்திரிகை தபாலில் வந்தது. ஒரு முழுப் பக்கத்தில் சாவிக் கவிதை மட்டும், சுற்றிலும் வெற்றிடம், கீழே மாமாவின் பெயர். கூடவே சிறு தொகையாகச் சன்மானமும் வந்தது. மாமா அதைத் தொடவே பயந்தார்.

"முதல்ல சின்னதாக் குடுத்துட்டு அப்புறம் பெருசாப் பிடுங்குவாங்களோ?"

"மாமா, குடுத்தவன் திருடன்னா வாங்கினவனுக்கு என்ன பேரு?" என்றேன்.

கடைக்கு வரும் கல்லூரி நூலகரிடம் காட்டினார். அந்த மனிதர் பத்திரிகையைப் பார்த்ததும் கண்ணாடி பார்க்க வந்ததையே மறந்துவிட்டார். "இதுல வந்திருக்கா உங்களோடது? நான் எழுதினதை அந்தம்மா பல தடவை திருப்பி அனுப்பியிருக்காங்க சார். ஒரு பைசா வாங்க மாட்டாங்க. மந்திரியே எழுதினாலும் பிடிக்கலேன்னா போட மாட்டாங்க" என்றார்.

மாமா அன்று ஒரு லென்சை உடைத்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அப்படி நடந்ததே இல்லை என்று முதலாளி பிறகு என்னிடம் சொன்னார்.

முதலில் குழம்பியவர் இரண்டொரு நாளில் தெளிந்துவிட்டார். தெளிந்தது தப்பான பக்கம். ஆக, அந்த அம்மா யோக்கியமானவர். உண்மையிலேயே படிக்கிறவர். போகிற போக்கில் எழுதிய குப்பையிலேயே தன் கைவண்ணத்தைக் கண்டுபிடித்திருக்கிறார் என்றால், நிஜமான கவிதைகளைப் பார்த்தால் என்ன ஆவார்? இந்தக் கணக்கைப் போட்டதும் மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. மூட்டை மூட்டையாக இருந்த உறைகளைத் தரையில் பரப்பி, வாழ்நாளில் எழுதியதில் சிறந்ததாகப் பொறுக்கி, நல்ல தாளில் எழுதி அனுப்பினார். புதுச்சட்டை வாங்கினார். அக்காவிடம் குரல் உயர்த்தாமல் பேசினார். வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தால் பாட்டு முணுமுணுத்தார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

பதில் வரத் தாமதமானதும் நேரில் போய்விடலாம் என்றார். ஒரு விடுமுறை நாளில் அழைத்துப் போனேன்.

அந்த அம்மா பகலில் பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் உட்காருகிறவர். வீட்டின் பின்பக்கத்து அறைதான் பத்திரிகை அலுவலகம். கயிறு கட்டிய கட்டுகள், பசைக் கிண்ணம், துணி காய்கிற கொடி. எங்களைப் பார்த்ததும் நாற்காலியில் இருந்த கட்டுகளை இறக்கி வைத்து உட்காரச் சொன்னார். மாமாவின் கவிதைகள் மேசை மேலேயே இருந்தன. படித்திருக்கிறார் என்பது தெரிந்தது. ஓரங்கள் மடங்கி, தாள்கள் கசங்கியிருந்தன.

"உங்களுக்கு எப்படி எழுதறதுன்னு தெரியாம வச்சிருந்தேன்" என்றார். "நேர்ல வந்துட்டீங்க. இதெல்லாம் நீங்கதான் எழுதினீங்களா?"

"நான்தாம்மா."

"சாவிக் கவிதையும் நீங்கதானே?"

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் பொய் பேசுகிற ஆள் இல்லை. தூண்டில் விஷயத்தை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். அது குப்பை என்று தெரிந்தேதான் எழுதினேன், சோதித்துப் பார்க்க அனுப்பினேன், மன்னிக்க வேண்டும் என்றார். அந்த அம்மா கோபித்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபித்துக்கொள்ளவில்லை.

"எதுக்காக எழுதினீங்கங்கறது எனக்கு வேண்டாம் சார். அது நல்லா இருக்கு. அதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு வேலை ஓடல. வீட்டுக்கு வந்ததும் முதல்ல அம்மா ரூமைத்தான் எட்டிப் பார்த்தேன்."

"அப்ப இது?" மாமா மேசையைக் காட்டினார்.

"இது எனக்குச் சரியா வரல."

"ஒண்ணுகூடவாம்மா?"

அந்த அம்மா தாள்களைக் கையில் எடுத்தார். எங்கள் முன்னாலேயே மறுபடி ஒவ்வொன்றாகப் படித்தார். மாமா அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே யாரோ தண்ணீர் மோட்டாரைப் போட்டார்கள். கடைசித் தாளையும் வைத்துவிட்டு, "இல்ல சார்" என்றார். "எந்த வரியிலயும் நீங்க இல்ல. யாரோ பேசற மாதிரி இருக்கு. சாவி மாதிரி இன்னொண்ணு எழுதினா அனுப்புங்க, காத்துக்கிட்டிருக்கேன்."

பொய் சொல்லத் தெரியாதவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது அன்றைக்குத்தான். ஒன்றாவது நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தொலைத்தால் என்ன குறைந்துவிடும்? சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மாமா நம்பியிருக்கவும் மாட்டார். அவரைப் படித்தது அந்த ஒரு ஆள்தான். மனசு வைத்து, இரண்டு தடவை படித்து, இல்லை என்று சொன்ன ஆள். இனிமேல் யாரும் படிக்கவில்லை என்று அவரால் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா, "என்ன சொன்னாங்க?" என்றாள்.

"நீ செத்துப் போறதுதான் அந்தம்மாவுக்குப் பிடிச்சிருக்கு" என்றார் மாமா. அக்கா என்னைப் பார்த்தாள். நான் வேன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பிறகு அவர் குப்பை எழுத முயற்சி செய்தார். சிரிக்காதீர்கள், நிஜமாகவே செய்தார். சாவியை வேண்டுமென்றே சோபா இடுக்கில் ஒளித்து வைத்துவிட்டுத் தேடுவார். அக்காவைத் திட்டச் சொல்வார். "திட்டேன், அன்னைக்கு என்னவோ சொன்னியே, அந்த மாதிரி." அவளுக்கு அழுகை வந்ததே தவிரத் திட்டு வரவில்லை. உவமையை வெட்டினார், ஓசையை வெட்டினார், வெட்ட வெட்ட ஒன்றும் மிஞ்சவில்லை. சிலவற்றை அந்த அம்மாவுக்கு அனுப்பினார். "இதில் நீங்கள் கஷ்டப்படுவது தெரிகிறது" என்று ஒரு தடவை அவர் பதில் எழுதினார். அடுத்த தடவை வெறும் வணக்கத்தோடு திருப்பி அனுப்பினார். பின்னறையில் லென்ஸ் உறைகள் மறுபடி குப்பைக்கே போக ஆரம்பித்தன. யோசனை கேட்டு யாராவது வந்தால், வெளியே வராமல் உள்ளிருந்தே, "எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லிவிடுவார்.

சில மாதம் கழித்து அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினாள். ஏதோ உலகக் கவிஞர் பேரவையாம். விருது கொடுக்கிறார்களாம். மாமா கவிதை அனுப்பி, பணமும் கட்டிவிட்டாராம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நேரே கடைக்குப் போய், இயந்திரத்தின் சுவிட்சை நானே அணைத்தேன்.

"மாமா, உங்களுக்கு மூளை கலங்கிடுச்சா? ஊருக்கெல்லாம் சொன்னீங்களே!"

"கத்தாதே. முன்னாடி ஆள் இருக்காங்க."

"தூண்டில் போட்டீங்களா?"

"இல்ல. நல்லதைத்தான் அனுப்பினேன்."

"அவன் திருடன் மாமா!"

"எனக்குத் தெரியாதா? இப்ப கேடயத்துக்கு வாங்கிட்டான். அடுத்தது விழா மலர்ல படம் போடக் கேப்பான். அதுக்கப்புறம் ஆயுள் உறுப்பினர்னு வருவான். எல்லாம் தெரியும்." கையிலிருந்த லென்சை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ஆனா அவன் மட்டும்தான் நல்லா இருக்குன்னு சொல்றான் மாப்ளே. வேற யாரும் சொல்லலையே."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. சுவிட்சைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். அக்காவிடம் சொன்னபோது, "போகட்டும் விடு. தடுத்தா அதுவும் இல்லாமப் போயிடும்" என்றாள்.

விழாவுக்கு நாங்கள் மூவரும் போனோம். வாடகை மண்டபம். மேடையில் கேடயங்கள் அட்டைப்பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டு வரிசையாக நின்றன. எல்லாம் ஒரே அச்சு, பெயர் எழுதிய தாள் மட்டும் வேறு. நாற்காலிகளில் கவிஞர்களும் அவர்கள் வீட்டாரும். வேறு ஒரு ஈ, காக்கை கிடையாது. ஒருவர் பெயரைச் சொன்னால் அவர் வீட்டு நாலு பேர் கை தட்டினார்கள், மற்றவர்கள் தாங்கள் மேடையில் படிக்க வேண்டிய தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாங்கினவர்கள் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். பேரவைத் தலைவர் கையில் ஒலிபெருக்கியோடு, "சுருக்கமா, சுருக்கமா" என்று எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தார்.

மாமாவின் முறை வரும்போது கூடம் பாதி காலி. புதுச்சட்டையைப் போட்டிருந்தார். கணீரென்று ஆரம்பித்தார்.

விடியலின் விரல்கள் விரைந்து வந்து
விழியின் கதவை விலக்கும் வேளை...

நான் கேட்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். என் முன்னால் ஒரு குழந்தை பிஸ்கட்டுக்கு அழுதது. பின்னால் யாரோ நாற்காலிகளை மடக்கி அடுக்க ஆரம்பித்தார்கள். முடிந்ததும் அக்காவும் நானும் கை வலிக்கத் தட்டினோம்.

திரும்பும்போது வேனில் அக்கா பின்சீட்டில் கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமா என் பக்கத்தில். கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்.

"எப்படி இருந்துச்சு மாப்ளே?"

அவர் என்னிடம் இதைக் கேட்டதே இல்லை. நான் சாலையைப் பார்த்தபடி, "ரொம்ப நல்லா இருந்துச்சு மாமா. சத்தியமா" என்றேன்.

"எந்த வரி?"

ஒரு வரியாவது வருமா என்று மண்டையைக் கசக்கிப் பார்த்தேன். "அந்த விடியலின் விரல்னு வருமே, அது."

"அது முதல் வரி" என்றார் மாமா. அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. "போன்ல பேரவைக்காரனும் அதைத்தான் சொன்னான்."

சிக்னலில் வண்டியை நிறுத்தினேன். பின்னாலிருந்து அக்கா ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் மடியிலிருந்த கேடயத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.